சரிவு நிலத்தில் மண் அரிப்பு: ஊருக்கு வந்து செய்து காட்ட யாரை அழைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் அதிகம். பாத்திகளை மேலிருந்து கீழாகச் சரிவின் போக்கிலேயே எடுப்பதால், ஒரு நல்ல மழைக்கே மேல்மண் கரைந்து ஓடை செந்நிறமாக ஓடுகிறது. போட்ட உரமும் கூடவே போய்விடுகிறது.

சரிவுக்குக் குறுக்கே பாத்தி எடுத்தால் மண் ஓடுவது குறையும். ஆனால் அப்படி எடுத்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. வடிகால் சரியில்லாவிட்டால் அழுகத்தான் செய்யும். அதனால் வெறும் பேச்சு போதாது, ஒரு தோட்டத்திலாவது செய்து காட்ட வேண்டும்.

ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தையோ வேளாண் பொறியியல் துறையையோ அழைத்துப் பயிற்சி நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனுவை யாரிடம் கொடுத்தீர்கள்? அப்புறம், வரப்பில் நட வெட்டிவேர் நாற்று பக்கத்தில் எங்கே கிடைக்கும்?