மறு: பனியூர்தியின் பின் ‘சஸ்பென்ஷன்’ – தொங்கியமா, சறுக்குச்சட்டமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பனியூர்தியின் பின் சஸ்பென்ஷனுக்கு, அதாவது குழிமேட்டின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்புக்கு, தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்டதற்குப் பதினொரு மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் அச்சிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய் வாசித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு சிறு முன்கதை. நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில் உள்ள சட்பரியில் பனியூர்திகளும் (பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்கள்) சிறு படகு எஞ்சின்களும் திருத்துகிறேன். அக்கா மகன் கிளிநொச்சியில் உழவு இயந்திரக் கராஜில் பத்து வருடம் வேலை செய்தவன். இப்போது என்னோடு நிற்கிறான். கை சுத்தமான வேலைக்காரன். ஆங்கிலக் கையேட்டைத் திறந்தால் மட்டும் தடுமாறுகிறான். அவனுக்காகத்தான் சுவரில் ஒட்ட ஒரு தமிழ்ப் பராமரிப்புத் தாள் எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே சொல் இல்லாமல் நின்றேன்.

கோவையிலிருந்து ஐயா எழுதியது:

> சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கியம்’ என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஆகவே ‘பின் தொங்கியம்’ எனலாமே.

ஐயா, கார்ப் பாடம் எழுதினால் நானும் இதை ஏற்றுக்கொள்வேன். பழைய குதிரை வண்டிகளில் ஆட்கள் உட்காரும் பெட்டியைத் தோல்வார்களில் தொங்கவிட்டார்கள். ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. நம் ஊரில் மாட்டு வண்டிக்கு அடியில் வில்லுப்பட்டை வைத்தபோது நம் ஆட்கள் அதை ‘வில் வண்டி’ என்றார்கள். தொங்குவதை அவர்கள் தேடவில்லை, கண்ணுக்குத் தெரிந்த வில்லைச் சொன்னார்கள். பனியூர்தியின் பின்பக்கத்திலோ எதுவும் தொங்கவில்லை. வண்டியைத் தள்ளிச் செல்லும் ரப்பர் பட்டையான ட்ராக்கின் வளையத்துக்குள்ளே ஒரு முழுச் சட்டம் கிடக்கிறது: அடியில் இரண்டு நீள அலுமினியத் தண்டுகள், அவற்றை வண்டியோடு சேர்க்கும் முன்கை, பின்கை, இடையில் வில்லும் அதிர்வேற்பியும் (ஷாக் அப்சார்பர்), சுற்றிலும் சிறு சக்கரங்கள். வண்டி அந்தச் சட்டத்தின்மேல் அமர்ந்து சறுக்குகிறது. 1959இல் கியூபெக்கின் வால்கூரில் பொம்பார்டியே நிறுவனம் ஸ்கிடூ என்ற பனியூர்தியை விற்கத் தொடங்கிய காலத்தில் ட்ராக்குக்குள்ளே வரிசையாகச் சிறு சக்கரங்களே இருந்தன. சறுக்குத் தண்டுகள் அந்த இடத்தைப் பிடித்தது பிறகு, 1970களில். இங்கே ஓட்டுபவர்களும் இந்த முழுத் தொகுதியைச் சறுக்கு என்ற பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆகவே முழுத் தொகுதிக்குச் ‘சறுக்குச்சட்டம்’, அந்த இரு தண்டுகளுக்குச் ‘சறுக்குத்தண்டு’ என்று வைத்திருக்கிறேன். பொதுவான சஸ்பென்ஷனுக்கு எந்தச் சொல் என்பதைக் குழுமம் முடிவு செய்யட்டும். ‘தாங்கி’யை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம், பேரிங்குக்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

சரி, நான் உண்மையில் எழுத வந்தது அடுத்த சொல்லைப் பற்றி. சறுக்குத்தண்டின் அடியில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டை செருகியிருக்கும். அடர்த்தியான பாலிஎத்திலீன். ட்ராக்கின் உட்பக்கத்தில் உள்ள இரும்புக் கவ்விகள் இதன்மேல்தான் ஓடுகின்றன. இதற்கு மூன்று பேர் ‘சறுக்குப்பட்டை’ என்று எழுதியிருந்தீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதி ஒட்டினேன். மருமகன் அதைப் பார்த்துவிட்டு, ‘மாமா, சறுக்குறதுதானே இதின்ர வேலை, அப்ப எண்ணெய் போடட்டோ?’ என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையே இல்லை. அந்தச் சொல் அவனை அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

இந்தப் பட்டைக்கு எண்ணெய் பனியேதான். ட்ராக் சுழலும்போது உள்ளே வரும் பனி உருகி ஈரமாகி வழுக்கிக் கொடுக்கிறது. பனி இல்லாத கட்டிப் பனிக்கட்டிப் பாதையில் நெடுந்தூரம் ஓடினால் பட்டை சூடேறி இளகும். நிறுத்தினால் கவ்வியோடு ஒட்டிக்கொள்ளும். என் சொந்த வண்டியில் நான்காம் குளிர்காலத்தில், மாசிக் கடைசியில், உறைந்த ஏரியின் கண்ணாடி போன்ற பரப்பில் நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்து நிறுத்தினேன். மறுபடி எடுக்கும்போது ட்ராக் ‘பட்’டென்று பிய்த்துக்கொண்டுதான் சுழன்றது. பட்டையின் முன்வளைவில் பாதி கரைந்து போயிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் இரும்புக் கவ்வி நேராக அலுமினியத்தில் உரசியிருக்கும். பட்டைக்குச் சில பத்து டாலர். தண்டுக்குச் சில நூறு, அதுவும் கிடைத்தால்.

அந்தப் பட்டை தேய்வதற்கென்றே செய்யப்பட்டது. தான் தேய்ந்து தண்டைக் காக்கிறது. ஆகவே அதன் பெயர் ‘தேய்பட்டை’. தேய்பிறையைப் போல இதுவும் வினைத்தொகை: தேய்ந்த, தேய்கிற, தேயும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். பெயரைப் படித்தவுடன் ‘எவ்வளவு தேய்ந்திருக்கிறது’ என்று பார்க்கத் தோன்ற வேண்டும். புதிய தாளை ஒட்டிய பிறகு மருமகன் ஒவ்வொரு வண்டியிலும் முதலில் அங்கேதான் குனிகிறான். பல தேய்பட்டைகளின் பக்கத்தில் ஒரு எல்லைக்கோடு இருக்கும். தேய்மானம் எந்த இடத்திலாவது அதைத் தொட்டால் மாற்றிவிட வேண்டும். இதற்குத் துணையாக, தண்டில் பூட்டும் ஒரு வில்லுக்கம்பி உண்டு. அது பனிக்கட்டியைக் கீறித் தூளாக்கி உள்ளே எறியும். அதற்குப் ‘பனிகீறி’ என்று மட்டக்களப்பு அக்கா கொடுத்த சொல் அப்படியே சுவரில் ஏறிவிட்டது. நன்றி அக்கா.

அடுத்து, முன்கையைக் கீழே விழாமல் பிடித்து வைக்கும் நாடா. ‘எல்லைப்பட்டி’ என்று ஒருவர் எழுதினார். செருப்புக்கும் சேணத்துக்கும் நமக்கு ‘வார்’ இருக்கிறதே! ‘பிடிவார்’ என்று போட்டேன். இதைச் சுருக்கினால் வண்டியைத் திருப்பும் முன்பக்கச் சறுக்குகளில் (ஸ்கீ) பாரம் கூடும், வண்டி நன்றாகத் திரும்பும். தளர்த்தினால் முன்பக்கம் லேசாகும், ஆழப் பனியில் ஏறிப் போகும். பிடிவார் எப்போதும் போல்ட் துளையில்தான் நூல் நூலாகப் பிரியத் தொடங்கும். அது அறுந்தால் முன்கை முழுவதும் கீழே இறங்கி, அதிர்வேற்பியின் தண்டை அதன் எல்லைக்கு இழுத்து அடிக்கும். ஆகவே விரல் நகத்தால் கீறிப் பார், நூல் வந்தால் மாற்று என்று எழுதியிருக்கிறேன்.

அதிர்வேற்பி பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதைப் பராமரிப்பது பற்றி ஒரு வார்த்தை. என் வண்டியில் இருக்கும் சறுக்குச்சட்டத்தை நான் வாங்கியபோது வேறொரு பட்டறையில், ‘இதைத் திறக்கவே தேவையில்லை’ என்றார்கள். நம்பினேன். உள்ளே எண்ணெயும் அழுத்திய நைட்ரஜனும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கின்றன. சீல் தேயத் தேய வாயு மெல்லக் கசியும், எண்ணெய் சாம்பல் நிறமாகி நீர்த்துப் போகும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. வண்டி ஒவ்வொரு வாரமும் துளித் துளியாகக் கெடுகிறது, ஓட்டுகிறவனின் முதுகு அதற்குத் துளித் துளியாகப் பழகிவிடுகிறது. மூன்றாம் வருடம் திறந்து எண்ணெய் மாற்றிய பிறகுதான் எதை இழந்திருந்தேன் என்று புரிந்தது. (வாயு அழுத்தத்தை இறக்காமல் யாரும் திறக்க வேண்டாம், ஆபத்து.)

கைகள் மடங்கும் இடத்தில் உள்ள புஷ்ஷுக்கு ‘உட்பூண்’ என்கிறேன். உலக்கை நுனியில் வெளியே மாட்டியது பூண். துளைக்குள்ளே மாட்டியது உட்பூண். இது எனக்கு மிகவும் பிடித்த சொல். பேரிங்கையும் கிறீஸையும் அப்படியே விட்டுவிட்டேன், அவை கிளிநொச்சியிலும் அவைதான். அதேபோல ‘ஆட்டம்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘தளர்விடைவெளி’ என்று ஒருவர் தந்தார். வேண்டாம். உலகத்தில் எந்தத் தமிழ் மெக்கானிக்கும் பின்பக்கத்தைத் தூக்கி உலுக்கிவிட்டு ‘ஆட்டம் இருக்கு’ என்றுதான் சொல்வான். ஆட்டம் வருவதற்கு முன்பே, தண்ணீரில் ஓடிய ஒவ்வொரு நாளுக்குப் பிறகும், பழைய கிறீஸும் தண்ணீரும் வெளியே வழியும்வரை புதுக் கிறீஸ் அடிக்க வேண்டும். வடக்கில் வண்டியை இழுவையில் ஏற்றிப் போகும்போது, பனி உருக நெடுஞ்சாலையில் தூவிய உப்பு அதன்மேல் அள்ளி வீசப்படும். இரும்புத் தண்டு அலுமினியத்துக்குள் போகிற இடமெல்லாம் வெள்ளைத் தூளாகப் பூத்துப் பிடித்துக்கொள்ளும். அதைத் துரு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, துரு இரும்புக்குச் சிவப்பாக வருவது. செம்புக்கு வருவதைக் களிம்பு என்போம். இதை ‘வெண்களிம்பு’ என்று எழுதினேன்.

‘ஆஃப்டர் மார்க்கெட்’ விஷயத்துக்கு வருகிறேன், அதாவது வண்டி செய்த கம்பெனி அல்லாத வேறொருவர் செய்து விற்கும் பாகங்கள். ‘பின்சந்தை’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது, அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்காது. ஊரில் கம்பெனி சாமான் அல்லாத எல்லாமே ‘டூப்ளிகேட்’. அந்த எண்ணம் இங்கே பொருந்தாது. மின்னசோட்டாவில் ஃபாஸ்ட் நிறுவனம் செய்த எம்-10 போன்ற சறுக்குச்சட்டங்கள், மலைப் பனிக்கென்று ஐடஹோவில் டிம்பர்ஸ்லெட் செய்தவை, எல்லாம் வண்டியோடு வந்ததைவிட நன்றாக ஓட வேண்டும் என்று தனியாக யோசித்துச் செய்தவை. ஆகவே போலி என்ற வாடை இல்லாத ஒரு சொல் வேண்டும். ‘புறத்தயாரிப்பு’ என்பது என் தெரிவு: வண்டி செய்தவர் அல்லாத வெளியார் தயாரித்தது, அவ்வளவுதான்.

இதில் பராமரிப்புக்கான ஒரு எச்சரிக்கையும் உண்டு. புறத்தயாரிப்பாளர் சிறிய நிறுவனம். கடையை மூடலாம், கைமாறலாம்; டிம்பர்ஸ்லெட்டை 2015இல் பனியூர்தி செய்யும் பொலாரிஸ் நிறுவனம் வாங்கியது. உங்கள் சட்டத்துக்கான உட்பூண் ஐந்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்பது அவர்கள் கையில். என் சட்டம் புதிதாக இருக்கும்போதே எல்லா உட்பூண்களையும் தண்டுகளையும் அளந்து எழுதி வைத்தேன். சக்கரங்களில் இருந்தது 6205 பேரிங்: உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் தருவார்கள், பனியூர்திக்கு என்று கேட்கவே வேண்டாம்.

கடைசியாக, நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கும் சொல். நீடித்து நிலைப்பதற்குத் ‘தாங்குதிறன்’ போதும் என்று இரண்டு பேர் சொன்னீர்கள். போதாது. ஒன்பது குளிர்காலம், பதினான்காயிரம் கிலோமீட்டர் ஓடிய என் சறுக்குச்சட்டம் ஒருநாளும் ஒரு பெரிய அடியில் முறிந்ததில்லை. எவ்வளவு பெரிய குழியையும் தாங்கியது. ஆனால் ஆறாம் வருடம் வலது சறுக்குத்தண்டின் பின் போல்ட் துளையிலிருந்து தலைமயிர் அளவு ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. அலுமினியத்தின் குணம் அது. இரும்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அடியை எத்தனை முறை வாங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சிறு சிறு அடிகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும். அதுவும் போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தால் துளையோரத்தில் அடி பலமடங்கு விழும். என் தண்டில் நடந்தது அதுதான், அந்த போல்ட்டை இரண்டு பருவம் நான் முறுக்கிப் பார்க்கவில்லை.

அப்போது தாங்குதிறன் குறைவா? இல்லை. குறைந்தது வேறொன்று. அம்மா செருப்புக் கடையில் ‘இது உழைக்குமா?’ என்று கேட்பார். பாரம் தாங்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பொருள் நாள்பட நின்று பயன் தருவதை நம் வீடுகளில் உழைப்பது என்றுதான் சொல்கிறோம். அதிலிருந்து ‘உழைதிறன்’. குடிநீர் போல வினைத்தொகைதான், ஒற்று மிகாது. தாங்குதிறன் ஒரே அடியில் தெரிந்துவிடும், உழைதிறன் ஆண்டுக்கணக்கில்தான் தெரியும், அது போல்ட்டை முறுக்கிப் பார்க்கிற கையையும் பொறுத்தது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் விரிசல் விழுந்த தண்டைப் பார்த்து மருமகன் ‘நல்ல பலமாத்தானே இருக்கு’ என்பான்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. முன்கையும் பின்கையும் ஓரளவுக்குமேல் தனித்தனியே அசையாமல் தடுக்க, பின்கையருகே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வேகம் கூட்டும்போது பின்பக்கம் அமர்கிறது. ஒரு அளவுக்குமேல் கட்டை இடித்து, முன்கையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அதனால் முன் சறுக்குகள் ஒரேயடியாக மேலே எழும்பாது. நான் ‘பிணைக்கட்டை’ என்று எழுதி வைத்திருந்தேன். மருமகன் பார்த்துவிட்டு, ‘இது நுகத்தடி வேலையெல்லோ மாமா, ஒரு மாடு முன்னுக்குப் போனா மற்றதையும் இழுக்கும்’ என்றான். அன்றிலிருந்து பட்டறையில் அது ‘நுகக்கட்டை’. கோவை ஐயாவும் அக்காவும் சொல்லுங்கள், நுகத்தில் மாடுகள் தொடக்கத்திலிருந்தே பிணைந்திருக்கும், இங்கே கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போய்த்தான் பிணையும். அந்த வித்தியாசம் சொல்லைக் கெடுக்குமா? மார்கழி பிறந்தால் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். அதற்குமுன் தாளை பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
சட்பரியிலிருந்து