மறு: 'டேக்' – தலைமடை, கடைமடை?

எல்லோருக்கும் வணக்கம்.

வலைப்பக்கம் எழுதும்போது கோண அடைப்புக்குள் போடுகிற 'டேக்'குக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்ட இந்த இழை, நாலு நாளாகக் 'குறி'யைச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தாமதமாக வருகிறேன். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. எனக்கு ஒரு சொல் கிடைத்ததும் அந்தக் கொடையில்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நன்கொடை தந்தவர்களின் பட்டியலை ஃபோனில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகத் தட்டித் தரச் சொன்னார்கள். பெரிய தொகை தந்த ஏழு பேர் மட்டும் மேலே, கொட்டை எழுத்தில். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கோண அடைப்புக்குள், எழுத்தைக் கொட்டையாக்கும் ஒரு 'பி', பெயர் முடிந்ததும் அதே 'பி' ஒரு சாய்கோட்டோடு. ஏழாவது பெயருக்குப் பின்னால் அந்தச் சாய்கோட்டுக்காரனைப் போட மறந்துவிட்டேன். கீழே இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் கொட்டை எழுத்தில் எழுந்து நின்றார்கள். காலையிலேயே ஒரு அண்ணாச்சி அழைத்தார்: "அம்பது ரூவா தந்தவனுக்க பேருக்கும் எனக்க பேருக்கும் ஒரே எழுத்தாடே?"

பக்கத்தில் இருந்த சித்தப்பா ஃபோனை வாங்கிப் பார்த்தார். அவருக்கு வயல் தெரியும், கணினி தெரியாது. "மடைய அடைக்காம வந்திருக்கே. கீழ ஏலா பூரா தண்ணி" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். (மடை, வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து அடைக்கிற இடம். ஏலா, வயல்வெளி.)

சரி, விவாதத்துக்கு வருகிறேன். 'குறிச்சொல்' என்பதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கட்டுரைக்கு அடியில் 'வரலாறு', 'சமையல்' என்று போடுகிறோமே, அதற்குக் குறிச்சொல் என்று பெயர் நிலைத்துவிட்டது. அது நல்ல சொல்லும்கூட, ஏனென்றால் அங்கே இருப்பது உண்மையிலேயே ஒரு சொல். எழுத்தைத் தடிமனாக்கும் 'பி' எந்த ஊரில் சொல்? போதாக்குறைக்கு, எங்கள் மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் கிடைத்ததும் ஆங்கிலத்தில் 'டேக்'தான். தமிழில் அது புவிசார் குறியீடு. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து மூன்று வீட்டில் சாப்பிடுகிறது என்பதற்காக நாமும் ஒரே இலையைப் போட வேண்டியதில்லை. டேக் போட்டு எழுதுகிற மார்க்கப் மொழிக்குக் 'குறிமொழி', கோடுக்குக் 'குறிமுறை' என்று ஏற்கெனவே இருக்கின்றன. 'குறிமொழியில் எழுதிய குறிமுறையில் அடைப்புக்குறிக்குள் இட்ட குறிச்சொல்' என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

'சிட்டை' என்று ஒருவர் சொன்னார். துணிக்கடைச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் சட்டை முடிகிற இடத்தில் இன்னொரு சிட்டை தொங்குவதில்லை. 'ஒட்டு' என்றால் இங்கே எங்களுக்கு ரப்பர் மரத்து ஒட்டுப்பால்தான் ஞாபகம் வரும், அதை விடுங்கள்.

இந்த டேக் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'இது தலைப்பு, இதைப் பெரிய எழுத்தில் கோர்' என்று பென்சிலால் எழுதி அச்சுக்கோப்பவரிடம் தருவது அச்சகத்தின் பழைய வழக்கம். நாகர்கோவிலுக்கு அச்சகம் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரி சார்லஸ் மீட் காலத்திலேயே லண்டன் மிஷன் இங்கே அச்சடித்திருக்கிறது. நானும் மாமாவின் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன்தான். மாமா படியில் ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போட்டால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கணினிக்குக் கண் இல்லை. ஆரம்பத்தையும் முடிவையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். 1969இல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் இதை ஒரு முறையாக்கி, தங்கள் பெயர்களின் முதலெழுத்து வருகிற மாதிரி ஜிஎம்எல் என்று பெயர் வைத்தார்கள். அதில் வளர்ந்த எஸ்ஜிஎம்எல் 1986இல் ஐஎஸ்ஓ தரமாயிற்று. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அதற்காக எடுத்துக்கொண்ட கோண அடைப்பு அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் இரண்டு முனையும் தெரிய வேண்டும். என் முன்மொழிவு:

திறக்கும் டேக் – தலைமடை
மூடும் டேக் – கடைமடை
பொதுவாக – மடை

> மடை ஒன்றுதானே? அதையே திறக்கிறோம், அதையே அடைக்கிறோம். இங்கே இரண்டு தனிப் பொருள்கள் இருக்கின்றனவே.

நான் முதலில் இந்தச் சொல்லைத் தனிமடலில் கேட்டபோது திருவனந்தபுரத்து நண்பர் எழுதிய மறுப்பு இது. நியாயமானது. 'திறப்பு மடை, அடைப்பு மடை' என்றுதான் அப்போது வைத்திருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் தலைமடைக்கும் கடைமடைக்கும் மாறினேன். கால்வாயில் இவை இரண்டும் வேறு வேறு இடம். தண்ணீர் தலைமடையில் புறப்படும், கடைமடையோடு சரி. பேச்சிப்பாறை அணையில் திறந்த தண்ணீர் தோவாளைக் கால்வாயிலும் அனந்தனாறு கால்வாயிலும் இறங்கும்போது, நடுவில் இருக்கிற வயலுக்கெல்லாம் பாயும். தடிமனும் அப்படித்தான் எழுத்து எழுத்தாகப் பாய்கிறது.

> நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மடை தெரியுமா?

தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஜூன் 12 நெருங்கும்போது மேட்டூர் திறப்பைப் பற்றிப் பத்திரிகை படிக்கிற யாருக்கும் 'கடைமடை வரை தண்ணீர் போகுமா' என்ற வாக்கியம் பழக்கம். குமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் இதே பேச்சு. தலைமடையை அதிலிருந்து ஊகித்துக்கொள்வார்கள்.

இன்னொரு வசதி, ஒன்றுக்குள் ஒன்று வருவது. கொட்டை எழுத்துக்குள் சாய்வெழுத்து வேண்டுமென்றால், உள்ளே திறந்த சாய்வை முதலில் மூடிவிட்டுத்தான் வெளியே உள்ள கொட்டையை மூட வேண்டும். என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 'கிளை வாய்க்காலின் கடைமடை தாய்க் கால்வாயின் கடைமடைக்கு முன்னால் வந்துவிட வேண்டும்' என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். கல்குளம் பக்கத்துப் பையன் ஒருவன் உடனே நோட்டில் வாய்க்காலே வரைந்துவிட்டான். மறக்கிறவர்களை உலாவி பெரும்பாலும் மன்னித்து, தானே ஒப்பேற்றிக் காட்டிவிடும். இதே வகையில் 1998இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற மார்க்கப் மொழி மன்னிக்காது. ஒரு கடைமடை இல்லையென்றால் கோப்பையே பிழை என்று தள்ளிவிடும். மன்னிக்கிறவரிடம் படித்த பிள்ளைகள் இவரிடம் போனதும் திணறுகிறார்கள்.

வரியை உடைக்கவும் படம் வைக்கவும் வருகிறவற்றுக்கு மூடல் கிடையாது. அவற்றை 'ஒற்றைமடை' எனலாம். இது எனக்கே முழுத் திருப்தி இல்லை, பாய்வதற்கு அங்கே தண்ணீரே இல்லை. இதைவிட நல்லதாக யாராவது சொன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

மார்க்கப் மொழிக்கு 'மடைமொழி' வேண்டாம். குளச்சல் தம்பி ஆர்வத்தில் எழுதிவிட்டார். 'அடைமொழி'யை யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். குறிமொழி இருக்கட்டும். 'குறி' என்ற வேரை அந்த ஒரு இடத்தில் உட்கார வைத்தாலே இந்த இழையில் பாதிச் சண்டை தீரும். டேக்குக்குள் கூடுதல் விவரம் சொல்கிற அட்ரிபியூட்டுக்குப் 'பண்புக்கூறு' போதும், மடைப்பலகை வரைக்கும் உவமையை இழுக்க வேண்டாம். நட்சத்திரக் குறியால் தடிமனாக்குகிற மார்க்டவுனிலும், இரண்டு பக்கமும் நட்சத்திரம் ஒரே மாதிரி இருந்தாலும், முதலாவது தலைமடை, அடுத்தது கடைமடைதான். அங்கே சாய்கோடு இல்லாததால் இந்தப் பெயர்கள் இன்னும் தேவை.

மடைக்குப் பொறுப்பானவனை என்னவென்று அழைப்பது என்று கேட்டு இப்போதே இரண்டு தனிமடல் வந்துவிட்டது. நீங்கள் நினைக்கிற அதே பகடிதான். பதில் எழுதவில்லை.

பட்டியலைத் திருத்தி ஏற்றிவிட்டேன். அந்த அண்ணாச்சி மறுபடி அழைத்து, இப்போது எழுத்து சரி, ஆனால் தன் பெயர் ஏன் ஏழாவதாக இருக்கிறது என்று கேட்டார்.

அன்புடன்,
தக்கலைப் பக்கத்திலிருந்து