வெள்ள நேரத்து ஃபார்வர்டுகள்: உதவியா, இடைஞ்சலா? (புனைபெயர்ல மூணு பேர் விவாதிக்கிறாங்க)

ஏரிக்கரை:
2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையைக் காப்பாத்தினதே ட்விட்டரும் வாட்சாப்பும்தான்னு ஒவ்வொரு மழைக்காலத்துலயும் பேச்சு வருது. நான் ஒத்துக்க மாட்டேன். "முடிச்சூரில் நாலு பேர் மாடியில் சிக்கியிருக்காங்க, உடனே படகு தேவை"ன்னு ஒரு செய்தி. தேதி இல்லை, தெருப்பேர் இல்லை. ஃபார்வர்டு ஆகும்போது கடைசியா அனுப்பின நேரம்தான் தெரியும், முதல்ல எழுதின நேரம் போயிடும். அவங்களை மீட்ட பிறகும் செய்தி சுத்திக்கிட்டே இருக்கும். எழுதினவர் தன் குழுவுல அழிச்சாலும் மத்தவங்க அனுப்பின பிரதி அழியாது. படகு காலி வீட்டுக்குப் போகும். கரன்ட் இல்லாத வீட்டுல, "இன்னும் அங்கதான் இருக்கீங்களா"ன்னு விசாரிக்கிற போன் கால்களுக்குப் பதில் சொல்லியே சார்ஜ் தீர்ந்துடும். மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. அங்க சொல்லிட்டு நிறுத்திக்கணும்.

வரைபடம்:
ஊரே ஒரே நேரத்துல கூப்பிட்டா எந்த லைன் கிடைக்கும்? 2015-ல எந்தத் தெருவுல தண்ணி நிக்குதுன்னு யார் வேணா திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்துல குறிச்சது பொதுமக்கள். 2018 வெள்ளத்துல கேரளா இன்னும் ஒரு படி மேல போச்சு. தன்னார்வலர்கள் எழுதின கேரளாரெஸ்க்யூ தளத்தை அரசே ஏத்துக்கிட்டு, கோரிக்கைகளை ஒரே இடத்துல வாங்கிச்சு.

நீங்க சொல்ற குறை உண்மை. ஆனா அது பகிர்றதால வர்ற குறை இல்லை, செய்தியை வெறும் எழுத்தா பகிர்றதால வர்றது. லிங்க்கா பகிருங்க. கூகுள் ஃபார்ம்ல தெரு, அடையாளம், பின்கோடு, எத்தனை பேர், முழங்கால் அளவா இடுப்பளவா, கைக்குழந்தை, கர்ப்பிணி, டயாலிசிஸ் நோயாளி யாராவது உண்டா, ரெண்டு நம்பர். பதில்கள் ஒரு கூகுள் ஷீட்டுல சேரும், நேரமும் தானா பதிவாகும். மீட்டதும் ஷீட்டுல நிலையை மாத்தினா, அதோட லிங்க்கைத் திறக்கிற எல்லாருக்கும் புது நிலைதான் தெரியும்.

ஏரிக்கரை:
அந்த ஷீட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டா என்ன ஆகும்னும் சொல்லுங்க. யாரோ ஒருத்தர் ஊர்ப்பேர் இருக்கிற பத்தியை மட்டும் தேர்வு செஞ்சு ஸார்ட் பண்ணுவார். மத்த பத்திகள் நகராது. வேளச்சேரிக்காரர் நம்பர் மணலி முகவரிக்கு நேரா உக்காந்துடும். ஒரே நேரத்துல நூறு பேருக்கு மேல திறந்தா மிச்சப் பேரால திருத்தவும் முடியாது. பெண்களோட நம்பர் உலகத்துக்கே தெரியும், அது வேற.

வரைபடம்:
திருத்துற உரிமை நாலஞ்சு பேருக்குப் போதும். நம்பர் பத்தியை மறைச்சு வைக்கிறது பாதுகாப்பில்லை. பார்வையாளர் பிரதி எடுத்து மறைவை நீக்கிடலாம். தனி ஃபைலா இன்னொரு ஷீட் திறந்து, இம்போர்ட்ரேஞ்ச் (ஒரு ஷீட்ல இருக்கிறதை இன்னொண்ணுக்கு இழுக்கிற ஃபார்முலா) போட்டு, நம்பர் இல்லாத பத்திகளை மட்டும் கொண்டுவந்து, அந்த ஷீட்டோட லிங்க்கைப் பொதுவுல விடணும்.

கெடிலக்கரை:
ரெண்டு பேரும் போன் கையில இருக்கிறவங்களைப் பத்தியே பேசறீங்க. அதே 2015-ல, சென்னைக்கு முன்னாடி நவம்பர்லயே கடலூர் மாவட்டம் மூழ்கிச்சு. பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்துல வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோச்சு. அதுக்கு எத்தனை ஹேஷ்டேக் ஓடிச்சு? வலைத்தளத்துல சத்தம் போடத் தெரிஞ்ச ஊருக்குத்தான் சாப்பாட்டு வண்டி போகும். கோரிக்கை வராத தெருவை யாரும் பத்திரமா இருக்குன்னு எடுத்துக்கக் கூடாது. ஷீட்டுல "தகவல் இல்லை"ன்னு தனி நிறம் கொடுங்க. மழைக்கு முன்னாடியே தெருவுக்கு ஒருத்தர் கீபேட் போனோட இருக்கட்டும், இன்டர்நெட் செத்தாலும் சில இடத்துல எஸ்எம்எஸ் போகும். அதை வாங்கி ஷீட்டுல ஏத்துறவர் வெள்ளம் வராத ஊர்ல, திருச்சியிலயோ கோயம்புத்தூர்லயோ இருக்கணும். விஏஓ நம்பரும் அவர் கையில இருக்கணும்.

ஏரிக்கரை:
கெடிலக்கரை சொன்னதை முழுசா ஏத்துக்கறேன். வரைபடம், உங்ககிட்ட ஒரே கேள்வி: "மீட்டாச்சு"ன்னு மாத்துறது யாரு? படகுல போனவரா, போன்ல கேட்டவரா?

வரைபடம்:
மாட்டினவரோ கூட இருந்தவரோ வாயால சொன்னாத்தான். படகு கிளம்பினதை "போயிட்டிருக்கு"ன்னு மட்டும் போடணும். ஆறு மணி நேரம் யாரும் பேசலைன்னா அந்த வரிசை மறுபடி சிவப்புக்கு, அதாவது உதவி தேவைங்கிற நிலைக்கு, வரணும்.

ஏரிக்கரை:
அந்த ஆறு மணி நேரக் கணக்கைப் பார்க்க ராத்திரியில ஆள் போட்டா நான் எதிர்க்க மாட்டேன். போன் நம்பரோட வர்ற ஃபார்வர்டை மட்டும் இப்பவும் எதிர்க்கறேன்.