கவுன்சிலரே இல்லாத வருஷங்கள்ல நீங்க யாரைப் பிடிச்சீங்க?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
2016 அக்டோபர்ல சேலம் மாநகராட்சியோட பழைய கவுன்சில் காலம் முடிஞ்சது. தேர்தல் கோர்ட்டுல நின்னுபோக, தனி அலுவலர் கைக்குப் போச்சு மாநகராட்சி. அடுத்த கவுன்சிலருங்க பதவி ஏத்தது 2022 மார்ச்சுல. நடுவுல 60 வார்டுக்கும் ஆள் கிடையாது. அப்ப குழாய் உடைஞ்சா யார் வீட்டுக் கதவைத் தட்டுனீங்க? அனுபவத்தைச் சொல்லுங்க.

எங்க பக்கம் ஒரு "முன்னாள்" இருந்தார். விடிஞ்சதும் பால் வாங்க வெளியே வந்தா வாசல்ல ரெண்டு பேர் நிப்பாங்க. "நான் இப்ப கவுன்சிலர் இல்லைங்க"ன்னுவார். "அது தெரியுங்கண்ணா, ஒரு போன் மட்டும் போட்டுடுங்க"ன்னுவாங்க. திட்டிக்கிட்டே போடுவார். அதிகாரம் ஒண்ணும் இல்ல. தண்ணி விடுறவர் யாரு, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, தெருவிளக்குக்கு யாரைக் கூப்பிடணும், இது மட்டும் மனப்பாடம். அந்த ஆளுங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்து ஒண்ணு விடாம மொய் வெச்சிருக்கார். அதுதான் வேலை செஞ்சது.

2022-ல வார்டு பெண்களுக்குன்னு ஆயிடுச்சு. வீட்டம்மாவை நிக்க வெச்சார். தோத்துட்டாங்க. போன் மட்டும் இன்னும் அவருக்குத்தான் வருது.

தறிக்காரி, அம்மாப்பேட்டை:
பெண்கள் வார்டுன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறீங்க. பாதி இடம் பெண்களுக்குன்னு சட்டம் வந்தது 2016-ல. எங்களுக்கு வந்த அம்மாவும் வீட்டுக்காரர் பேச்சைத் தாண்ட மாட்டாங்கன்னுதான் நானும் நெனச்சேன். சாக்கடை அடைச்சு வாசல்ல ஏறி நிக்குதுன்னு போன் பண்ணேன். எடுத்தது வீட்டுக்காரர்தான். "நான் பார்த்துக்கிறேம்மா"ங்கிறார். பின்னால இருந்து ஒரு குரல்: "அந்தத் தெருவ நீங்க பார்த்திருக்கீங்களா? போனைக் கொடுங்க." கொஞ்ச நேரத்துல ஸ்கூட்டில வந்துட்டாங்க. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அடைப்பு எங்கேன்னு தெருக்கோடி வரைக்கும் நடந்து பார்த்தாங்க. "அக்கா, இது உங்க வீட்டுக்கு முன்னால இல்ல, மூணு வீடு தள்ளி. கட்டடம் கட்டுறவர் ஜல்லியைக் கொட்டியிருக்கார்"னு சொல்லி, அந்த ஆளையும் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டாங்க. ஆம்பளை கவுன்சிலர் யாரும் எங்க சாக்கடையை நடந்து பார்த்ததில்ல.

மலைக்காரன், ஏற்காடு:
நீங்க டவுன்காரங்க. எங்களுக்கு மேல 2019 டிசம்பர்லயே ஊராட்சித் தேர்தல் வந்துடுச்சு. மெஷின் கிடையாது, சீட்டுதான். தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வேற. எங்க பாட்டி நாலையும் விரிச்சு வெச்சுட்டு, "தலைவரு எதுலடா?"ன்னு பூத்துக்குள்ள இருந்தே கத்துச்சு.

எம்எல்ஏ விஷயம் கேக்காதீங்க. தொகுதிப் பேரு ஏற்காடு, பழங்குடியினருக்கு ஒதுக்குனது. ஆனா ஓட்டுல பெரும்பங்கு கீழ வாழப்பாடிப் பக்கம். 2013 டிசம்பர் இடைத்தேர்தல் நெனப்பிருக்கா? தமிழ்நாட்டுல நோட்டா பட்டன் முதல்ல வந்தது எங்க தொகுதியிலதான். அப்ப வந்து இறங்குன கார்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் பத்தல. தேர்தல் முடிஞ்ச மறுநாள் ரோடு காலி.

கிராம சபை வேற கதை. தலைவரே பங்காளி முறை, கேள்வி கேக்கிறது அத்தை முறை. ஒரு அக்டோபர் 2 அன்னைக்கு எங்க அத்தை எழுந்திருச்சு, "போன கூட்டத்துல எழுதுன பாதை எங்கடா?"ன்னு கேட்டுச்சு. அவரு தீர்மான நோட்டைப் புரட்டுறார், புரட்டுறார். "அத்தே, எழுதியிருக்கு"ங்கிறார். "எழுதியிருக்கிறதுல நடக்க முடியாதுடா"ன்னுச்சு. கூட்டமே சிரிச்சுது. அடுத்த மழைக்கு முன்னால ஜல்லி விழுந்தது. முழுசா இல்ல, பாதி தூரம்.

ஓய்வு ஆசிரியர்:
கவுன்சிலர் பதவியைச் சின்னதாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் நகராட்சி 1866-ல் வந்தது. சி. விஜயராகவாச்சாரியார் அதில் உறுப்பினராக இருந்தார். 1882-ல் சேலத்தில் நடந்த கலவர வழக்கில் அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதோடு வீட்டில் உட்காரவில்லை. நகராட்சிப் பதவியிலிருந்து தன்னை நீக்கியது தவறு என்று அரசு மீதே வழக்குப் போட்டு நஷ்ட ஈடும் வாங்கினார். அந்த மனிதர்தான் 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். ராஜாஜியும் 1917 முதல் 1919 வரை இதே நகராட்சியின் தலைவர். குடிநீருக்கும் குப்பைக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் கவர்னர் ஜெனரல் நாற்காலிக்குப் போனார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சார், இதை எங்க "முன்னாள்"கிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த தடவை போன் எடுக்க மாட்டார்.

சூரமங்கலம் வாசி:
2022 நவம்பர் 1 அன்னைக்கு ஏரியா சபைன்னு, டவுன்ல கிராம சபை மாதிரி, முதல் கூட்டம் போட்டாங்களே, யாராவது போனீங்களா? நான் போனேன். பிளாஸ்டிக் நாற்காலில பாதி காலி. வந்ததுல முக்கால்வாசி கட்சிக்காரங்க. கடைசி வரிசையில ஒரு பெரியவர் மட்டும் கையில எழுதி வெச்சிருந்தார்: நாய்த் தொல்லை, மழைத்தண்ணி, ரேஷன் கடைக்கு நிழல். மூணையும் நோட்டுல ஏத்துற வரைக்கும் உட்காரலை. எழுதினப்புறம் வாங்கிப் படிச்சுப் பார்த்தார். "ரேஷன் கடை விட்டுப்போச்சு, எழுதுங்க"ன்னார். எழுதுனாங்க. மத்த வார்டுல எப்படின்னு சொல்லுங்க.