ஈ. கோலையில் மட்டும் எம்ஐசி எகிறுகிறது

கேள்வி: புதிய குயினோலின் சேர்மம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) 2 மைக்ரோகிராம்/மி.லி.; ஈ. கோலையில் 128-க்கும் மேல். 64-க்கு மேல் கலங்கல் துகள் துகளாகத் தெரிகிறது. மூலக்கூறின் அமைப்பை மாற்றலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். சோதனைத் தட்டில் பாக்டீரியா சேர்க்காத குழியிலும் துகள் வந்தால் சேர்மம் கரையாமல் வீழ்படிவாகிறது. துகள் தெரியும் செறிவுகளின் முடிவை நம்பவே கூடாது. சேர்மத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ இறுதியில் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும், அது மட்டும் உள்ள குழியும் தேவை. பாக்டீரியா மி.லி.க்கு 5 லட்சம். கூடினால் எம்ஐசியும் ஏறலாம்.

பதில்: டோல்-சி (மருந்தை வெளியேற்றும் பம்பின் வெளிச்சவ்வுக் குழாய்ப் புரதம்) நீக்கிய ஈ. கோலையில் சோதியுங்கள். எம்ஐசி சரிந்தால் பம்பு வெளியே தள்ளுகிறது. குறையாவிட்டால் வெளிச்சவ்வைத் தளர்த்தும் பாலிமிக்சின் பி நோனாபெப்டைடு சேர்த்துப் பாருங்கள், அப்போது எம்ஐசி குறைந்தால் வெளிச்சவ்வுதான் தடை.

பதில்: சவ்வுதான் தடை என்றால் முதல்நிலை அமீன் (-NH2 தொகுதி) சேர்க்கலாம், மூலக்கூறு விறைப்பாகவும் தட்டையாகவும் இருந்தால் பலன் கூடும். கூடவே சேர்மம் நம் செல்களின் சவ்வையும் சிதைக்கிறதா என அறிய சிவப்பணுச் சிதைவுச் சோதனையும் அவசியம்.