மறு: ‘சிங்க்’: ஒத்திசையா, இணக்கா, நேர்செய்யா? (வெள்ளிக்குள் முடிவு வேண்டும்)

ஒருங்கிணைப்பாளர், திங்கள் காலை:

அனைவருக்கும் வணக்கம்.

கோப்பு ஒத்திசைவு மென்பொருளின் தமிழாக்கத்தில், திரையில் தோன்றும் 11 தொடர்கள்தாம் மிச்சம். வெள்ளி மாலை தொடர்களைப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் அடுத்த பதிப்புவரை கைவைக்க வழியில்லை. பதினொன்றும் ‘சிங்க்’ (sync), அதாவது பல இடங்களில் உள்ள கோப்புகளை ஒன்றுபோல வைத்திருப்பது, என்ற ஒரே சொல்லைச் சுற்றியவை.

இதுவரை எல்லா இடத்திலும் ‘ஒத்திசை’ என்றே போட்டு வந்தோம். உதவிப் பக்கத்தில் அது இடிக்கிறது. அங்கே விளக்கும் அமைப்பு இது: மேசைக்கணினியில் 2 டெராபைட் வன்தட்டு, மடிக்கணினியில் 512 ஜிகாபைட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்), யுஎஸ்பியில் செருகும் 1 டெராபைட் வட்டு. நடுவில் மேகச் சேமிப்பகம் (இணையவழிச் சேமிப்பகம், ‘கிளவுட்’). மேசைக்கணினிக்கும் மேகத்துக்கும் மாற்றங்கள் இரு பக்கமும் போகும். மடிக்கணினியில் இடம் குறைவு என்பதால் தேர்ந்தெடுத்த கோப்புறைகள் மட்டும் இறங்கும். யுஎஸ்பி வட்டுக்கு மேகத்திலிருந்து ஒரு பக்கமாக மட்டும் போகும். இம்மூன்றுக்கும் ஆங்கில மூலத்தில் சிங்க் என்ற ஒரே சொல்.

கூடவே இரண்டு கேள்விகள். ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு ‘ஒத்திசைகிறது’ என்பதா, ‘ஒத்திசைக்கிறது’ என்பதா? மென்பொருள் தானாக உருவாக்கும் கோப்புறைக்கும் தமிழ்ப் பெயர் கேட்கிறார்கள். அதற்கு என்ன வைப்பது?

தமிழாசிரியர், கோவை, திங்கள் மதியம்:

ஒத்திசை என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. ‘இசை’ என்றால் இன்று எவருக்கும் முதலில் தோன்றுவது பாட்டு. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்னும்போது அது புகழ். உடன்படுதல் என்ற பொருள் மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வரும். ஒரு கலைச்சொல்லுக்கு மூன்று நிழல் இருக்கலாகாது.

என் பரிந்துரை ‘இணக்கு’. இணங்குவது தன்வினை, இணக்குவது பிறவினை. இரண்டு வட்டில் ஒரே கோப்பு வேறுவேறாகத் திருத்தப்பட்டால் வரும் சிக்கலுக்கு ‘பிணக்கு’. இணக்கு, பிணக்கு என்று ஓரெழுத்தில் எதிர்ச்சொல் அமைவது நம் மொழிக்கு வாய்த்த வளம். இதை விடக்கூடாது.

‘மேகம்’ வடசொல். ‘முகில்’ நம்முடையது, முகத்தல் என்பதன் வழி வந்தது. நீரை முகந்து செல்வதால் முகில். முகத்தல் அளவை என்று பள்ளியில் படித்த அதே முகத்தல். ஆண்டாள் ‘ஆழியுள் புக்கு முகந்துகொடு’ என்று மழையிடம் சொல்கிறாள். கடலிலிருந்து முகந்து கொண்டுபோய் வேறிடத்தில் பொழிவதும், ஒரு வட்டிலிருந்து எடுத்து வேறொரு வட்டில் இறக்குவதும் ஒரே தொழில். ‘கொண்மூ’வும் கொள்ளுதல் வழி வந்ததே. கோப்புறைக்கு ‘முகிற்கொள்ளகம்’ என்று பெயரிடலாம்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர், திங்கள் இரவு:

ஐயா, வணக்கம். ‘இணக்கம்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘இந்தப் பதிப்பு உங்கள் கணினிக்கு இணக்கமானது’ என்று இதே மென்பொருளில் எழுதியிருக்கிறோம். ‘இணக்கு’ என்று பொத்தான் வைத்தால், ஏதோ பொருந்தாமையைச் சரிசெய்கிறது என்றே மாணவர்கள் நினைப்பார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழைத் தேர்ந்தால் ‘ஒத்திசை’ என்றுதான் வருகிறது. பிள்ளைகளின் கண்ணுக்குப் பழகிய சொல்லை எடுத்துவிட்டுப் புதிதைக் கற்பிக்க நமக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

வேறு சொல் வேண்டுமென்றால் கடைத்தெருவிலேயே ஒன்று இருக்கிறது: ‘நேர்செய்’. மாலையில் கல்லாவையும் பேரேட்டையும் ஒப்பிட்டுக் கணக்கை நேர்செய்கிறோம். இரண்டு பட்டியலை ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக்கும் வேலை அது. சிங்க் செய்யும் வேலையும் அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் காலை:

முகில் என்பது எங்களுக்கு இலக்கியச் சொல் இல்லை, வீட்டில் பாவிக்கிற சொல். ‘முகில் கறுக்குது’ என்றுதான் சின்னப்பிள்ளையும் சொல்லும். ஐயாவின் சொற்பிறப்புக்காக இல்லாவிட்டாலும் முகிலுக்கே என் வாக்கு.

‘பிணக்கு’ மிக நல்லது. இங்கே தொழிற்பிணக்கு, காணிப்பிணக்கு என்று சட்டத்திலும் செய்தித்தாளிலும் நாளாந்தம் வருகிற சொல், எல்லாருக்கும் விளங்கும். ‘நேர்செய்’ பற்றி ஒரு தயக்கம். பழுதைத் திருத்துவதற்கும் அதையே சொல்கிறோம். இதே மென்பொருளில் சிதைந்த தரவுத்தளத்தைத் திருத்த ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்கு என்ன வைப்பது?

வழங்கி (சர்வர்) நிர்வாகி, செவ்வாய் மதியம்:

சொல் எதுவானாலும் சரி. மூன்று செயலுக்கும் ஒரே சொல் வைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் விளைந்த குழப்பத்தைப் பாருங்கள்.

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற மென்பொருளின் பெயரிலேயே சிங்க் இருக்கிறது. ஆனால் ‘டெலீட்’ விருப்பத்தைத் தராதவரை அது இலக்கில் எதையும் அழிக்காது. மேகச் சேமிப்பகங்களுக்கான ஆர்குளோன் மென்பொருளில் ‘சிங்க்’ கட்டளை இலக்கை மூலத்தைப் போலவே ஆக்கும். இலக்கில் மட்டும் இருந்த கோப்புகள் அழியும். அழிவு வேண்டாமென்றால் ‘காப்பி’ கட்டளை. இருவழிக்குத் தனியாக ‘பைசிங்க்’. முதல் ஓட்டத்தில் ‘ரீசிங்க்’ கொடுத்து இரு பக்கப் பட்டியலையும் உருவாக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கோப்புகள் ஒரே ஓட்டத்தில் அழியப் போகின்றன என்று கண்டால் அது தானே நின்றுவிடும். ஆக, சிங்க் என்ற பெயரில் மூன்று நடத்தை. மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி வட்டைப் போலவே நிறைந்த வட்டும் ஆகிவிடும். ‘டிரை ரன்’ (எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம்) போட்டு, எவை அழியும் என்ற பட்டியலைப் படித்த பிறகே உண்மையாக ஓட்ட வேண்டும்.

யுஎஸ்பி வட்டை இருவழியில் சேர்த்தால் வரும் ஆபத்து இன்னும் பெரிது. வட்டு செருகப்படாத நேரத்தில் லினக்ஸில் அதன் ஏற்றுப்புள்ளி (வட்டின் உள்ளடக்கம் தோன்றும் கோப்புறை) வெறும் காலிக் கோப்புறையாக நிற்கும். கவனமில்லாத மென்பொருள் அதைப் பார்த்து ‘எல்லாம் அழிக்கப்பட்டது’ என்று மேகத்துக்குச் சொல்லும். மேகம் அதை மற்ற வட்டுகளுக்குச் சொல்லும். சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் இதைத் தடுக்கவே ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ‘.எஸ்டிஃபோல்டர்’ என்று ஓர் அடையாளம் வைக்கிறது. அடையாளம் காணவில்லை என்றால் வேலையை நிறுத்திவிடும். விண்டோஸில் ஏற்றுப்புள்ளிக்குப் பதில் எழுத்துச் சிக்கல்: நேற்று இ-யாக இருந்த வட்டு இன்று எஃப்-ஆக வரும், வட்டு மேலாண்மையில் எழுத்தை நிலையாக ஒதுக்க வேண்டும்.

யுஎஸ்பி வட்டு ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருந்தால், கோப்பின் நேரம் 2 நொடித் துல்லியத்தில்தான் பதியும். மாறாத கோப்பும் மாறியதாகத் தோன்றி ஒவ்வொரு முறையும் மறுபடி ஏறும். ஆர்சிங்க்கில் ‘மாடிஃபை விண்டோ’ 1 என்று தந்தால் அடங்கும். 4 ஜிகாபைட்டைத் தொடும் கோப்பு அதில் ஏறவே ஏறாது.

எனவே இருவழிக்கு ஒரு சொல், அழித்து ஒப்பாக்கும் ஒருவழிக்கு ஒரு சொல், காப்புநகலுக்கு ஒரு சொல்.

தமிழாசிரியர், செவ்வாய் இரவு:

தம்பி சொன்னது ஏற்கத்தக்கது. ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்றார் தொல்காப்பியர். பொருள் மூன்றானால் சொல்லும் மூன்றாக வேண்டும்.

ஒருவழிக்கு ‘ஒத்தூது’ என்று வைக்கலாமா என்று எண்ணுகிறேன். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் சுருதியை மட்டும் விடாமல் பிடிப்பார். தாமாக எதையும் வாசிப்பதில்லை. மூலம் சொல்வதை இலக்கு அப்படியே கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது. கண்ணாடி என்ற பொருளில் ‘ஆடி’ என்பதும் உண்டு. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்ற குறளை நினைத்துப் பாருங்கள். பளிங்கு தன்னிடம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் அருகிருப்பதை மட்டுமே காட்டும்.

முகிலுக்கும் ஒரு குறள், அங்கே அதன் பெயர் எழிலி. ‘நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்.’ முகந்ததை முகில் திருப்பித் தராவிட்டால் கடலும் குன்றும். மேகத்தில் அழிந்தது வட்டிலும் அழியும் என்று தம்பி எச்சரிப்பதை வள்ளுவர் வேறொரு பொருளில் சொல்லிவிட்டார்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர், புதன் காலை:

ஐயா, ஒத்தூதுதல் என்றால் இன்று ஆமாம் சாமி போடுவது. அதைப் பொத்தானில் எழுத முடியாது. ‘ஆடி’ என்றால் தள்ளுபடி நினைவுக்கு வரும். ‘எழிலி’ என்றால் ஒரு பெண்ணின் பெயர் என்பார்கள். ‘மேகம்’ வேண்டாமென்று சித்த மருத்துவம் படித்தவர்களும் சொல்வார்கள், மேக நோய் என்று. ஆனாலும் வகுப்பில் கிளவுட் என்றதும் எல்லாரும் சொல்லும் தமிழ் மேகம்தான்.

நிலைத்தொடர் பற்றி: ‘ஒத்திசைக்கப்படுகிறது’ 12 எழுத்து, கைப்பேசிப் பட்டையில் பாதியில் வெட்டுப்படும். ‘ஒத்திசைகிறது’ 7 எழுத்துதான்.

தமிழாசிரியர், புதன் மதியம்:

செயப்பாட்டுவினை தேவையே இல்லை. செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்வது வழக்கு என்று வினையியலிலேயே விதி இருக்கிறது. திண்ணை மெழுகிற்று என்கிறோம். திண்ணை தன்னையா மெழுகிக்கொண்டது? ஆனால் இங்கே அந்த விதிக்கும் போக வேண்டியதில்லை. இசைதல் தன்வினை, இசைத்தல் பிறவினை. கோப்புகளைப் பற்றிச் சொல்லும்போது ‘ஒத்திசைகின்றன’, ‘ஒத்திசைந்தன’. மென்பொருளைப் பற்றிச் சொல்லும்போது ‘ஒத்திசைக்கிறது’. பொத்தானில் ‘ஒத்திசை’ என்ற ஏவல் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். அந்தச் சொல்லை நான் எதிர்த்தாலும் அதன் இலக்கணம் இப்படித்தான் அமையும்.

வழங்கி நிர்வாகி, புதன் இரவு:

நன்றி ஐயா. இந்த வேறுபாடு பயனருக்கும் உதவும். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றுவேகத்தில் 1 டெராபைட் முதன்முறை ஏற நான்கரை நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் ‘ஒத்திசைகிறது’ என்ற சொல்தான் திரையில் நிற்கும். ‘ஒத்திசைந்தது’ என்று மாறும்வரை வட்டைப் பிடுங்கக்கூடாது என்று உதவிப் பக்கத்தில் இரண்டு சொல்லையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

அடுத்து, கோப்புறைப் பெயர். ‘முகிற்கொள்ளகம்’ வேண்டாம், காரணம் தூய்மையோ எளிமையோ இல்லை, ‘கொ’ என்ற எழுத்து. யூனிகோடில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கொடுத்ததை அப்படியே வைக்கும். இரண்டுக்கும் இடையே ஒத்திசைத்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புறை நிற்கும். எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. ‘கோப்பு’ என்ற சொல்லுக்கே இந்தக் கதி: ஒரு வட்டில் 6 குறி, இன்னொன்றில் 7. சிங்க்திங் தானாகவே பெயரை ஒருமுகப்படுத்திக்கொள்ளும். ஆர்சிங்க்கில் மேக் பக்கம் ‘ஐகான்வ்’ என்ற எழுத்துமாற்று விருப்பம் தர வேண்டும். கொ, கோ, கௌ வரிசையும் ஔவும் இல்லாத பெயராக வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. ‘முகில்’, ‘மேகம்’ இரண்டிலும் அவை இல்லை.

நீளத்தையும் பாருங்கள். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்டு. தமிழில் ஒரு குறிக்கு 3 பைட்டு என்பதால் 85 குறிதான் இடம். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். விண்டோஸ் வட்டில் இதைவிட நீளமாக வைத்த தமிழ்ப் பெயர் அங்கே சரியாக இருக்கும். லினக்ஸ் வட்டுக்கு வரும்போது பிழை காட்டி நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் காலை:

அப்படியானால் கோப்புறைக்கு வெறும் ‘முகில்’ போதும். புணர்ச்சியில் முகிற்சேமிப்பகம் என்று எழுதினால் ‘முகில்’ என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. பிரித்து ‘முகில் சேமிப்பகம்’ என்றே எழுதுங்கோ.

ஒன்றை உதவிப் பக்கத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒத்திசைவு காப்புநகல் ஆகாது. ஒரு வட்டில் தவறி அழித்தால் எல்லா வட்டிலும் அழிபட்டுவிடும். கோப்பு கெட்டால் கெட்டதே எல்லா இடமும் பரவும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. காப்புநகல் வட்டை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர், வெள்ளி மதியம்:

மாலை பூட்டுவதற்கு முன் நான் உள்ளிடப்போகும் சொற்கள்:

இருவழிக்கு ‘ஒத்திசை’; நிலைகள் ‘ஒத்திசைகிறது’, ‘ஒத்திசைந்தது’. மூலத்தைப் போலவே இலக்கை ஆக்குவதற்கு ‘ஒருவழி ஒப்பாக்கு’. அதன் கீழே சிறிய எழுத்தில் ‘இலக்கில் மட்டும் உள்ள கோப்புகள் அழியும்’. எதையும் அழிக்காத நகலுக்கு ‘படியெடு’. பேக்கப்புக்கு ‘காப்புநகல்’. முரண்பட்ட கோப்புக்கு ‘பிணக்குப் படி’. இதற்கு மட்டும் மறுப்பே வரவில்லை. கோப்புறைப் பெயர் ‘முகில்’. உதவிப் பக்கத்தில் முதல் இடத்தில் ‘முகில் சேமிப்பகம்’ என்று எழுதி, ‘மேகம் என்றும் சொல்வர்’ என்று சேர்க்கிறேன். ‘நேர்செய்’ தரவுத்தளப் பொத்தானுக்குப் போகிறது.

வன்தட்டு என்ற சொல்லைத் தொடவில்லை. எஸ்எஸ்டியில் தட்டே கிடையாதே என்று தனிமடலில் கேட்டவருக்கு: ஆம், அடுத்த பதிப்பில் பேசுவோம்.

வழங்கி நிர்வாகி, வெள்ளி மாலை:

‘ஒப்பாக்கு’ போதாது. ‘அழித்து ஒப்பாக்கு’ என்று பொத்தானிலேயே இருக்க வேண்டும். சிறிய எழுத்தைப் படிக்காமல் அழுத்துபவர்கள்தான் கோப்பை இழப்பவர்கள். என் மறுப்பைப் பதிந்துவையுங்கள்.

தமிழாசிரியர், வெள்ளி இரவு:

பூட்டியாயிற்று என்று அறிவேன். ‘இசை’க்கு உடன்படுதல் பொருள் எந்த நூலில் முதன்முதல் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன். ‘இணக்கு’ இப்போதும் என் சொல்தான்.