டார்ஷன் பார்: இடது பக்கம் மட்டும் தாழ்ந்து நிற்கிறது

கேள்வி: என் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் இடது முன்பக்கம் வலதைவிட 22 மி.மீ. இறங்கியிருந்தது. டார்ஷன் பாரின் (முறுக்கேறி ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் எஃகுக் கம்பி) அட்ஜஸ்டிங் போல்ட்டை மூன்று சுற்று முறுக்கினேன். உயரம் வந்துவிட்டது, ஆனால் சின்னப் பள்ளத்தில்கூட ‘டொக்’ என்கிறது. பாரையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் சார். போல்ட்டை முறுக்கினால் பார் விறைப்பாகிவிடாது. விறைப்பு பாரின் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. மாறுவது உயரம்தான். உயர்த்த உயர்த்த, சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறையும். மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை சேசிஸோடு இணைக்கும் கை) ஸ்டாப்பரில் மோதுகிறதா பாருங்கள், அந்த ‘டொக்’ அதுவாக இருக்கலாம். சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் அச்சின் மூட்டு) கோணமும் கூடும். முதலில் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களை (ஆர்ம் மாட்டும் இடத்து ரப்பர்கள்) சோதியுங்கள்.

பதில்: மாற்றுவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். இடது, வலது பார்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. எந்தப் பக்கம் முறுக்கு வருமோ அந்தத் திசைக்கே தயாரித்திருப்பார்கள். நான் ஒருமுறை பாரில் உள்ள இடது, வலது குறியைப் பார்க்காமல் மாற்றிப் போட்டு, ஒரு ஞாயிறு முழுக்க மறுபடி கழற்றினேன். கழற்றுமுன் போல்ட்டின் வெளியே தெரியும் மரையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தத்தை இறக்கும் டூல் இல்லாமல் கை வைக்காதீர்கள், கீ (போல்ட் அழுத்தும், பாரின் முனையைப் பிடித்திருக்கும் துண்டு) தெறித்தால் கை போய்விடும்.

கேள்வி கேட்டவர்: கீழ் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது! புதிது போட்டு, போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு அளந்தால் வித்தியாசம் 4 மி.மீ.தான். சத்தமும் இல்லை. நாளை வீல் அலைன்மென்ட்.